முட்டிக்குக் கீழே தண்ணீர்

ஏழு வயதில் நான் பிள்ளைக் காம்பராவில் இருந்தேன். பிள்ளைக் காம்பரா என்றால் வேலைக்குப் போகும் தாய்மார் சின்னப் பிள்ளைகளை விட்டுப்போகும் இடம். அந்த வயதில் அங்கே இருக்கக் கூடாது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு வாங்கில் உட்கார்ந்திருக்க வேண்டியவள். ஆனால் தம்பிக்கு ஒன்றரை வயது, என்னைக் காணாவிட்டால் ஏணை அறுந்து விழும்படி அழுவான். விடிய முன்னரே வேலைக்குப் பேர் பதியப் பெரட்டுக்கு ஓடும் அம்மாவுக்கு வேறு வழி தெரியவில்லை. "இன்னிக்கு ஒருநாளு மட்டும் நீயும் கூட இரு" என்பாள். அந்த ஒருநாள் ஒரு வருஷத்துக்கு மேல் நீண்டது.

1975 ஆம் ஆண்டு. கம்பெனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்த வருஷம். துரை மாறினார், கிராணி மாறினார், பிள்ளைக் காம்பராவின் தகரக் கூரை மட்டும் மாறவில்லை. தெல்தெனியவிலிருந்து ரங்கலைக்கு ஏறும் பாதையில், நக்கிள்ஸ் மலைகளின் காலடியில் எங்கள் தோட்டம். காம்பரா நீளமான ஒரு மண்டபம், உத்தரத்திலிருந்து வரிசையாகத் தொங்கும் சேலை ஏணைகள், மூலையில் புகையேறிய அடுப்பு. வெளியே சீமேந்து போட்ட ஒரு சின்ன முற்றம். முற்றத்தின் ஓரமாக, மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீர் இரவும் பகலும் விழுந்துகொண்டே இருக்கும். இருபது இருபத்தைந்து பிள்ளைகள். அத்தனைக்கும் ஒரே ஓர் ஆயாம்மா.

அவளை ஒரு ஞானியாக்கி எழுத எனக்கு விருப்பமில்லை. கொழுந்து எடுத்து எடுத்து விரல்கள் மடங்க மறுத்ததால் காம்பரா வேலைக்கு வந்தவள். எழுத்து தெரியாது. வெற்றிலை போடுவாள், கோபம் வந்தால் வாயில் எது வருகிறதோ அதைச் சொல்வாள். பிள்ளைகளை அடக்க அவளிடம் விளையாட்டுச் சாமான் ஏதும் கிடையாது. தண்ணீர் இருந்தது, அதற்குக் காசு இல்லை. "தண்ணியக் குடுத்தா அழாதுங்க" என்பதுதான் அவளுடைய கல்விக் கொள்கை முழுவதும்.

ஆனால் அந்தத் தண்ணீரை அவள் கொடுத்த விதம் இருக்கிறதே, அதைப் பின்னாளில் முன்பள்ளி ஆசிரியையாகி முப்பது வருஷம் பிள்ளைகளோடு கிடந்த பிறகுதான் எனக்கு முழுக்க விளங்கியது.

மலைத் தண்ணீர் காலையில் பல்லைக் கிட்ட வைக்கும். அதை அப்படியே பிள்ளைகளிடம் விடமாட்டாள். வெயில் ஏறத் தொடங்கியதும் இரண்டு மூன்று கறுத்த தகரத்தில் பிடித்து முற்றத்தில் வைத்துவிடுவாள். பத்து மணிக்கு அது தாய்ப்பால் சூட்டுக்கு வந்துவிடும். பிறகு பழைய பேசன்களில் ஊற்றுவாள். எவ்வளவு ஊற்றுவது என்பதற்கு அவளிடம் ஓர் அளவு இருந்தது. நிற்கத் தெரிந்த பிள்ளைகளில் ஆகச் சின்னதைப் பிடித்துப் பேசனுக்குப் பக்கத்தில் நிறுத்துவாள். "முட்டிக்கு மேல தண்ணி வேணாம்." தவழுகிற பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கும் கிடையாது. ஒரு தட்டத்தில் உள்ளங்கை நனையும் அளவு, அவ்வளவுதான். ஊற்றிவிட்டு, அவள் வாசற்படியில் உட்கார்ந்துவிடுவாள். எழும்ப வேண்டி வந்தால் முதலில் தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டுத்தான் எழும்புவாள். பிள்ளைகள் எவ்வளவு கத்தினாலும் கேட்கமாட்டாள்.

தட்டத்துத் தண்ணீரைத் தம்பி முதலில் அடித்தான். அடித்தால் அது திருப்பி முகத்தில் அடித்தது. திடுக்கிட்டு என்னைப் பார்த்தான், பிறகு மறுபடி அடித்தான். நாலைந்து நாள் அதே வேலை. அப்புறம் ஒருநாள் தண்ணீரைப் பிடிக்கப் பார்த்தான். விரல்களை மூடினால் கை வெறுமையாக இருக்கிறது, திறந்தால் ஈரமாக இருக்கிறது. அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே, கடைக்காரன் மிச்சக் காசைக் குறைத்துக் கொடுத்துவிட்ட மாதிரி. இரண்டு வயது நெருங்கியபோது சிரட்டையால் மொண்டு ஊற்றத் தொடங்கினான். மொள்வான், ஊற்றுவான், மொள்வான், ஊற்றுவான். மத்தியானம் பால் கொடுக்க மலையிலிருந்து இறங்கி வரும் தாய்மார் பார்த்துச் சிரிப்பார்கள். "என்னாடி இது, பீலி வேலைக்குப் பேர் பதிஞ்சிட்டானா?"

பெரிய பிள்ளைகளுக்கு, அதாவது நாலு ஐந்து வயதுக்காரருக்கு, பால்மா டின்கள். ஆயாம்மா ஆணியால் ஓட்டை போட்டுத் தருவாள். அடியில் ஓர் ஓட்டை போட்டது, ஐந்து ஓட்டை போட்டது, எது முதலில் காலியாகும் என்று பந்தயம். ஒருமுறை பக்கவாட்டில், ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக மூன்று ஓட்டை போட்டுத் தந்தாள். ஓட்டைகளை விரலால் அடைத்துக்கொண்டு டின்னை நிரப்பி, தரையில் வைத்து விரலை எடுத்தோம். மூன்று தாரையும் பாய்ந்தன. எது தூரம் போகிறது? நடு ஓட்டை. அடி ஓட்டையிலிருந்து வேகமாகத்தான் வருகிறது, ஆனால் வந்த உடனே தரையில் முட்டிக்கொள்கிறது. பிறகு எங்களில் ஒருத்தி டின் உயரத்துக்கு ஒரு கல்லை உருட்டி வந்து, அதன்மேல் டின்னைத் தூக்கி வைத்தாள். இப்போது அடி ஓட்டைத் தாரை மற்ற இரண்டையும் முந்திப் போய் ஆயாம்மாவின் வெற்றிலைத் தட்டில் விழுந்தது. அன்று நாங்கள் வாங்கிய ஏச்சை இங்கே எழுத முடியாது. பல விஞ்ஞானப் புத்தகங்களின் படத்தில் டின் தரையில் இருக்கும், அடி ஓட்டைத் தாரைதான் தூரம் பாயும். அப்படி ஒரு படத்தை முதன்முதலில் பார்த்தபோது, வரைந்தவர் டின்னுக்கு ஓட்டை போட்டுப் பார்க்காதவர் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மிதக்கிறதா அமிழ்கிறதா என்ற விளையாட்டை நாங்கள் கற்றது இன்னொருவரிடம். காம்பராவுக்கு விறகு கொண்டுவரும் ஒரு தாத்தா இருந்தார். இளமையில் தவறணையில் வேலை செய்தவர். தவறணை என்றால் தேயிலை நாற்று மேடை. தாய்ச்செடியின் கிளையை வெட்டி நாற்றுப் போடும் முறை பரவுவதற்கு முன், தேயிலையைக் கொட்டை போட்டுத்தான் வளர்த்தார்கள். கொட்டைகளைத் தொட்டித் தண்ணீரில் கொட்டுவார்களாம். அமிழ்ந்தது நல்ல விதை, மிதப்பது பதர். பழைய தேயிலை மரங்களின் கீழே கிடக்கும் கொட்டைகளை மடியில் பொறுக்கி வந்து எங்கள் பேசனில் போடுவார். நாங்கள் 'நல்ல புள்ள', 'பதர்ப் புள்ள' என்று பிரிப்போம். பிறகு கண்டதையெல்லாம் போட்டுப் பார்த்தோம். கொய்யாக்காய், கல், சட்டைப் பொத்தான், தம்பியின் ஒற்றைச் செருப்பு. பெரிய கொய்யா மிதந்து சின்னக் கல் அமிழ்ந்தபோது எங்களுக்குள் நடந்த வழக்கு இரண்டு நாள் ஓடியது. கனமானது அமிழும் என்று நினைத்திருந்தோம். எவ்வளவு இடத்தில் எவ்வளவு கனம் என்பதுதான் சங்கதி என்று எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை, ஆனால் இரண்டாம் நாள் மாலைக்குள் எது அமிழும் எது மிதக்கும் என்று போடுமுன்பே சரியாகச் சொல்லத் தெரிந்துவிட்டது.

பப்பாசி இலையின் காம்பு குழல் மாதிரி உள்ளே வெறுமையாக இருக்கும். அதன் ஒரு முனையைச் சவுக்காரத் தண்ணீரில் தொட்டு ஊதினால் முட்டை முட்டையாக வரும். சும்மா தண்ணீரில் ஊதினால் வராது. தண்ணீரின் மேல்தோல் இறுக்கமானது, இழுத்தால் அறுந்துவிடும். சவுக்காரம் அந்த இறுக்கத்தைத் தளர்த்துவதால்தான் தோல் விரிந்து பந்தாகிறது. ஆனால் ஊதத் தெரியாத சின்னது உறிஞ்சிவிடும் என்பதால் இந்த விளையாட்டு மூன்று வயது தாண்டினவருக்கு மட்டும். அதே மாதிரி வளைந்த ஒரு காம்பை முழுக்கத் தண்ணீரில் அமிழ்த்தி நிரப்பி, ஒரு முனையை விரலால் அடைத்தபடி வெளியே எடுத்து, பேசனின் மட்டத்துக்குக் கீழே பிடித்து விரலை எடுத்தால் தண்ணீர் தானாக ஏறி இறங்கி ஓடும். முனையை உயர்த்தினால் நின்றுவிடும். இதை வைத்து வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் ஆயாம்மாவின் சேலைத் தலைப்பை நனைப்பது எங்கள் பெரிய சாதனையாக இருந்தது.

நான் 'அ' எழுதப் படித்ததும் தண்ணீரில்தான். தேங்காய் மட்டையை நுனியில் தட்டித் தட்டித் தூரிகை மாதிரி ஆக்கித் தருவாள். அதைத் தண்ணீரில் தோய்த்துச் சுவருக்கு 'சுண்ணாம்பு' அடிப்போம். வெயில் பட்ட சுவர், எழுதி முடிக்குமுன் காய்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை அப்பா சிலேட்டில் காட்டித் தந்த அகரத்தை நான் அந்தச் சுவரில் எழுதினேன். வால் பகுதிக்கு வருவதற்குள் தலை காணாமல் போனது. அழுதேன். ஆயாம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு, "போனா போவுது, சொவரு அங்கனதானே நிக்கிது, இன்னொன்னு எழுது" என்றாள். எத்தனை எழுதினேனோ தெரியாது. சிலேட்டில் பிழை விட்டால் அழிக்க வேண்டும், எச்சில் தொட்டு அழித்தால் அப்பா தலையில் குட்டுவார். சுவரில் அந்தப் பயமே இல்லை. பின்னாளில் என் முன்பள்ளியில், கையெழுத்து என்றாலே விறைத்துப்போகிற பிள்ளையைக் கண்டால் ஒரு வாளித் தண்ணீரும் பழைய தூரிகையும் கொடுத்து மதிலுக்கு அனுப்பியிருக்கிறேன்.

கப்பல் விளையாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மழைக்காலத்தில் லயத்துக்கு முன்னால் ஓடும் கானில் கடதாசிக் கப்பல் விடுவோம். எல்லாப் பிள்ளைகளும் எல்லா ஊரிலும் விடுவதுதான். எங்கள் கப்பல்களுக்குப் போக ஓர் இடம் இருந்தது, அதுதான் வித்தியாசம். 1964 ஆம் ஆண்டு இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தப்படி, எங்களைப் போன்ற இந்திய வம்சாவளி ஆட்களில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்குப் போக வேண்டும், 3 இலட்சம் பேர் இங்கே பிரஜைகளாகலாம். மீதி ஒன்றரை இலட்சம் பேரை எந்தப் பக்கம் போடுவது என்று பத்து வருஷம் கழித்துப் பங்கு போட்டார்கள். எங்களுக்கு இந்த இலக்கம் ஒன்றும் தெரியாது. லயத்தில் சில வீடுகளுக்குக் கடிதம் வரும், சட்டிபானை விற்பார்கள், கண்டியிலிருந்து கோச்சியில் தலைமன்னாருக்குப் போவார்கள், அங்கிருந்து கப்பல் என்று மட்டும் தெரியும். ஆகவே கானில் விட்ட கப்பல்களெல்லாம் இராமேஸ்வரம் போயின. கப்பலுக்குள் தேயிலைக் கொட்டையைப் பயணிகளாக வைப்போம். எத்தனை வைத்தால் கவிழும் என்பதைப் பார்ப்பதும் அதில் அடக்கம்.

டின்னைக் கல்லின்மேல் தூக்கி வைத்தவள் என்று மேலே ஒருத்தியைச் சொன்னேனே, அவளுடைய வீட்டுக்கும் கடிதம் வந்தது. போகிற வாரம் அவள் கப்பல் விளையாட்டுக்கு வரவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "நெசக் கப்பல்ல போறவ எதுக்குக் கடதாசிக் கப்பல் வுடணும்" என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

கான் ஓடி ஓடையில் விழும், ஓடை ஹுலு கங்கையில் விழும். ஹுலு கங்கை நக்கிள்ஸில் பிறந்து பழைய தெல்தெனியவைத் தொட்டுக்கொண்டு மகாவலியில் போய்ச் சேரும். மாதச் சம்பளம் போட்ட பிறகு அப்பாவோடு டவுனுக்கு இறங்குவது எங்களுக்குத் திருவிழா. சாமான் வாங்கி முடித்து, பெரியப்பா மகன் ஆற்றில் குதிப்பதைப் பார்க்கக் கரையில் உட்காருவோம். மரக் கிளையில் ஏறி, கரையில் நிற்பவர்கள்மேல் தண்ணீர் தெறிக்கக் குதிப்பார். ஆழம் தொட்டதற்குச் சாட்சியாக ஒரு பிடி மணலோடு மேலே வருவார். பல வருஷம் கழித்துப் புறநானூற்றின் 243 ஆம் பாட்டைப் படித்தபோது நான் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். தடியூன்றி நடக்கும் ஒரு கிழவர், இருமலுக்கிடையே, மருத மரத்திலிருந்து மடுவில் பாய்ந்து அடிமணலை அள்ளி வந்த தன் இளமை எங்கே போனதென்று கேட்கிற பாட்டு. அவருடைய சொந்தப் பெயர்கூட நமக்குத் தெரியாது, பாட்டில் வரும் அந்தத் தடியை வைத்தே தொடித்தலை விழுத்தண்டினார் என்று பெயர். அவருக்கு இளமை போயிற்று, மடு இருந்தது. எங்கள் பெரியப்பா மகனுக்கு மடுவும் இல்லாமல் போனது.

மகாவலிக்குக் குறுக்கே விக்டோரியா அணை கட்டத் தொடங்கியபோது சித்தப்பா அங்கே கூலி வேலைக்குப் போனார். வருகிறபோதெல்லாம் கதை. வில் மாதிரி வளைந்த சுவர், 122 மீற்றர் உயரம், 520 மீற்றர் நீளம். பூமிக்குள்ளே குடைந்து தண்ணீரைக் கொண்டுபோய்ச் சக்கரம் சுற்ற வைக்கப் போகிறார்கள், மூன்று சக்கரம், 210 மெகாவாட். எனக்கு உடனே பீலியின் கீழே நாங்கள் சுற்றவிட்ட சக்கரங்கள்தான் நினைவுக்கு வந்தன. பலா இலையைத் துண்டு துண்டாகக் கிழித்து, பிளந்த குச்சியில் குறுக்கும் நெடுக்குமாகச் செருகி, இரண்டு கவட்டைக் கம்பில் படுக்க வைப்போம். தண்ணீர் இலையின் நடுவில் விழுந்தால் சுற்றாது, ஓரத்தில் விழ வேண்டும். "ஓரத்துலதானே வுழ வைக்கிறாங்க சித்தப்பா?" என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "வெள்ளைக்காரனுக்குத் தெரியாமலா இருக்கும்" என்றார்.

1985 ஏப்ரல் 12 ஆம் திகதி அணையைத் திறந்தார்கள். கட்டப் பிரித்தானியா பணம் கொடுத்திருந்ததால் அந்த நாட்டுப் பிரதமர் மார்கரெட் தாட்சரும் வந்தார். அதற்குள் பழைய தெல்தெனிய தண்ணீருக்கடியில் போய்விட்டது. கடைவீதி, வீடுகள், வயல்கள், பஸ் நின்ற இடம், பெரியப்பா மகன் குதித்த மரம். டவுன் மேட்டுக்கு ஏறி வந்து புதிய தெல்தெனிய ஆனது. எங்கள் முட்டியளவு தண்ணீர் முழுக்க ஓடிப்போய் அங்கே ஓர் ஊரை மூடுகிற தண்ணீராக நின்றது. அணை நிரம்பின பிறகு எங்கள் பக்கத்துத் தாய்மாருக்குத் தண்ணீர் என்றாலே பயம். பேசனில் கை வைக்கிற பிள்ளைக்கும் அடி விழும். மலையிலிருந்து பார்த்தால் அது எப்போதும் கண்ணில் படுகிறது, என்ன செய்வார்கள்.

தொண்ணூறுகளில் நான் முன்பள்ளி ஆசிரியைப் பயிற்சிக்காகக் கண்டிக்குப் போனேன். அங்கேதான் மரியா மொன்டிசோரி என்ற பெயரைக் கேட்டேன். எங்கள் ஊரில் முன்பள்ளியையே 'மொன்டிசூரி' என்றுதான் சொல்வார்கள். அது ஓர் ஆளின் பெயர் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். 1939 ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்து, யுத்தத்தால் அங்கேயே தங்கி, 1944 ஆம் ஆண்டு இலங்கைக்கும் வந்து போனவர். ஒரு சிறிய குவளையிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் சிந்தாமல் ஊற்றுவது அவருடைய பள்ளியில் ஒரு பயிற்சி. தட்டு, இரண்டு குவளை, சிந்தினால் துடைக்க ஒரு சின்னத் துணி. எனக்கு அந்தத் துணி பிடித்துப்போயிற்று. சிந்தினால் ஏச்சில்லை, துடைக்க வேண்டும். எங்கள் காம்பராவில் ஏச்சும் இருந்தது, துடைக்கத் துணியும் இல்லை.

பிறகு பியாஜே. அந்த சுவிஸ்காரர் பிள்ளைகளுக்கு முன்னால் ஒரே அளவுத் தண்ணீரை அகலமான குவளையிலிருந்து ஒடுங்கின உயரமான குவளைக்கு மாற்றி ஊற்றிக் காட்டி, இப்போது கூடவா குறையவா என்று கேட்டார். ஏழு வயதுக்குக் கீழே பெரும்பாலான பிள்ளைகள் கூடிவிட்டது என்றுதான் சொல்லும். விரிவுரையாளர் இதைச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காம்பராவில் மூன்று மணிக்குச் சாயத்தண்ணி கொடுக்கும்போது தினம் நடக்கும் சண்டை இது. உயரக் கிளாஸ் கிடைத்தவன் இராசா, பீங்கான் கோப்பை கிடைத்தவன் அழுவான். ஆயாம்மா அரிசி அளக்கும் சுண்டில் இரண்டையும் ஊற்றி அளந்து காட்டுவாள். எனக்குப் புரியும். சின்னதுகளுக்கு, சுண்டு வரைக்கும் சமம், மறுபடி கிளாஸில் ஊற்றினதும் மோசம். கடைசியில் அவள் கண்டுபிடித்த வழி, எல்லோருக்கும் சிரட்டையில் கொடுப்பது.

இத்தனையும் தெரிந்த நானும் ஒருநாள் தவறவிட்டேன். அதை எழுதாமல் மற்றதை எழுதக் கூடாது. என் முன்பள்ளியில் பாதிப் பேர் முஸ்லிம் பிள்ளைகள், மீதி தோட்டத்துப் பிள்ளைகளும் டவுன் பிள்ளைகளும். வெள்ளிக்கிழமைகளில் தண்ணீர் விளையாட்டு. அன்று படலைக்கு ஒரு தாய் வந்து கூப்பிட்டார். பேசனைக் கவிழ்க்காமல் எழும்பிப் போனேன். நாலு வசனம் பேசியிருப்பேன். திரும்பியபோது சத்தம் குறைந்த மாதிரி இருந்தது. மூன்று வயது நிறையாத ஒரு பையன், பேசனின் அடியில் கிடந்த கோலியை எட்டப்போய்த் தலைகுப்புறக் கிடந்தான். கால் மட்டும் மெதுவாக அசைந்தது. மற்றப் பிள்ளைகள் அவனும் விளையாடுகிறான் என்று நினைத்துப் பக்கத்திலேயே மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். தூக்கினேன், இருமினான், அழுதான். அழுகைச் சத்தம் அவ்வளவு இனிமையாக என் வாழ்க்கையில் கேட்டதில்லை. அந்தப் பேசனில் தண்ணீர் என் கணுக்காலுக்குத்தான் வரும். இரண்டு அங்குலம் போதும். அந்த வயதில் தலை கனம், குப்புற விழுந்தால் நிமிரக் கையில் பலமிருக்காது. மூழ்குகிற பிள்ளை கூப்பிடவும் மாட்டாது, வாய் தண்ணீரில் இருக்கிறதே. தாயிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் என்னை ஏசவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அதன்பிறகு பேசனைக் கவிழ்க்காமல் ஓரடி நகர்ந்ததில்லை. கவிழ்ப்பதற்கு இந்த நாட்டில் இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. 2017 ஆம் ஆண்டு இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கு. சிரட்டை, டின், யோகட் கோப்பை என்று எங்கள் விளையாட்டுச் சாமான் முழுவதும் நுளம்பின் வீட்டுச் சாமான்தான். முட்டை நுளம்பாக ஒரு வாரம் கொஞ்சம் கூடுதல் போதும். பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டின முட்டை தண்ணீர் வற்றிய பிறகும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும் என்பதால் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர், எங்கள் பி.எச்.ஐ. ஐயா, வந்து என் சிரட்டைக் குவியலைப் பார்த்து ஒருமுறை புருவத்தைத் தூக்கினார். எல்லாம் கவிழ்ந்து காய்ந்திருந்ததால் தப்பினேன். பிள்ளைகளே தேய்ப்பார்கள், அதுவும் விளையாட்டுத்தான். மிச்சத் தண்ணீர் கறிவேப்பிலைக்குப் போகும். அந்த மரம் மதிலைத் தாண்டி வளர்ந்து நிற்கிறது.

தாய்மார் சொல்வது ஒன்றுதான்: "சளி புடிக்கும் டீச்சர்." ஈர உடுப்போடு காற்றில் விட்டால் பிள்ளைக்குக் குளிரும், அது உண்மை. பத்து மணி வெயிலில், சூடேறின தண்ணீரில், முடிந்ததும் துடைத்து மாற்று உடுப்புப் போட்டால் ஒன்றும் ஆகாது என்று எனக்குச் சொல்ல முப்பது வருஷ அனுபவம் இருக்கிறது. பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப் பேருடைய பிள்ளைகளுக்குச் சுவர் எழுத்து.

சில வருஷங்களுக்கு முன் ஒரு வறட்சி. நீர்த்தேக்கம் வற்றிப் பழைய தெல்தெனிய வெளியே வந்தது. இப்படி அவ்வப்போது வரும். வந்தால் ஊரே பார்க்கப் போகும், ஐஸ்கிறீம் வண்டிகூடப் போகும். தம்பியின் த்ரீவீலில் நானும் மகளும் மூன்று வயதுப் பேத்தியும் போனோம். வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்த சேறு, இடிந்த சுவர்கள், அத்திவாரங்கள். இதுதான் கடைவீதி, இல்லை அது என்று நானும் இன்னொரு கிழவரும் வாதாடிக்கொண்டிருந்தோம். அவர் சிங்களத்தில், நான் தமிழில்.

பேத்தி என் கையை உதறிக்கொண்டு போய்விட்டாள். ஏதோ ஒரு வீட்டின் அத்திவாரத்துக்குள் கொஞ்சம் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. கணுக்காலுக்கும் வராது. குந்திக்கொண்டு, யாரோ வீசிய தண்ணீர்ப் போத்தலை நிரப்பத் தொடங்கினாள். "அம்மாயி, இங்க பீலி இல்லையா?" என்றாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தம்பி த்ரீவீலிலிருந்து திருப்புளியை எடுத்து வந்து, போத்தலின் பக்கத்தில் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக மூன்று ஓட்டை போட்டான். மூடியைக் கழற்றித் தரையில் வைத்து நிரப்பினான். மூன்று தாரையும் பாய்ந்தன, நடுவில் இருந்ததுதான் தூரம் போனது. பேத்தி கை தட்டினாள்.

அந்தக் காலத்தில் அவன் சிரட்டையில் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தவன், அந்த டின் அவனுக்கு நினைவிருக்க நியாயமில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு அத்திவாரத்திலிருந்து போத்தல் உயரத்துக்கு ஒரு கல்லைப் பெயர்த்து உருட்டி வந்து, அதன்மேல் போத்தலைத் தூக்கி வைத்தான்.